கைக்குட்டைக்குள் இருந்த தக்கை

"தெரியாது" என்ற சொல் என் வாயில் எளிதில் வராது. யாழ்ப்பாணத்தில் என்னிடம் வழி கேட்டவர்களில் பாதிப்பேர் இன்னும் அலைந்துகொண்டிருக்கக்கூடும்.

எண்பதுகளின் நடுவில் டென்மார்க்கின் சில்க்போர்க்கில், மேசை கதிரை செய்யும் ஒரு தளபாடத் தொழிற்சாலையில் எனக்கு ஆறு மாதத் தற்காலிக வேலை. நிரந்தரமாக்குவதா இல்லையா என்பதை மேற்பார்வையாளர் யென்ஸ் ஒரு திங்கட்கிழமை சொல்வதாக இருந்தார். வேலை நிலைத்தால்தான் மன்னாரில் இருந்த மனைவியைக் கூப்பிடலாம் என்று நம்பியிருந்தேன்.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை யென்ஸ் கேட்டார்: "நீ தீவிலிருந்து வந்தவன். படகு வேலை தெரியும்தானே?"

"தெரியும்," என்றேன். (நான் ஏறியது நெடுந்தீவுக்கு ஆள் ஏற்றும் மோட்டார் லோஞ்ச் ஒன்றுதான். போகும்போதும் வாந்தி, வரும்போதும் வாந்தி.)

சனிக்கிழமை ஏரிக்கரைக்குப் போனேன். அறைத்தோழர் செல்வா அண்ணையும் துணைக்கு வந்தார். பெந்தகோஸ்தே சபைக்காரர், எதற்கும் ஜெபம் பண்ணத் தயாரான மனிதர். யென்ஸின் சின்னப் பாய்மரப் படகு புல்லில் கிடந்தது. அதன் உள்தளத்துக்கும் அடிப்பாகத்துக்கும் இடையில் மழைத்தண்ணீர் சிக்கியிருக்கிறது, வெளியேற்ற வேண்டும் என்றார். சொல்லிவிட்டு ரொட்டி வாங்கப் போய்விட்டார்.

பின்பக்கம், அடியில், ஒரு ரப்பர் தக்கை. பிடுங்கினேன். அரைக் கோப்பைத் தண்ணீர் வந்து நின்றுவிட்டது.

"இவ்வளவுதானோ தம்பி?"

"ஓம் அண்ணை. இஞ்ச மழை குறைவு."

(டென்மார்க்கில் மழை குறைவு என்று சொன்ன ஒரே மனிதன் நான்தான்.)

படகின் மூக்கு பள்ளத்தைப் பார்த்துக் கிடப்பதை அண்ணைதான் கவனித்தார். முன்பக்கத்தைத் தூக்கி ஒரு பியர்ப் பெட்டியின் மேல் வைத்தோம். (பெட்டி வெறுமையா என்று அண்ணை முதலில் பார்த்துக்கொண்டார்.) தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. தக்கை புல்லில் தொலைந்துவிடுமே என்று அதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்தேன். பத்திரப்படுத்திய பொருளை அத்தோடு மறந்துவிடுவது எங்கள் குடும்ப வழக்கம்.

யென்ஸ் திரும்பி வந்து அடியில் தட்டிப் பார்த்தார். மகிழ்ச்சியில் எங்களையும் ஏற்றிக்கொண்டு ஏரியில் இறங்கினார். காற்று மெல்ல வீசியது. அவர் சீட்டியடித்தபடி பாயைப் பிடித்திருந்தார். கொஞ்சத் தூரம் போனதும் படகு தாழ்வது போலிருந்தது. காலையில் மூன்றாம் தடவை போட்டுக்கொண்ட புட்டை நினைத்து வெட்கப்பட்டேன்.

"தம்பி, கால் நனையுது."

"பேசாமல் இருங்கோ அண்ணை. ஏறின உடனை அந்தாளின்ர வள்ளத்தைப் பழுது எண்டு சொல்லுறதே?"

"சொல்லாட்டித் தாழப்போறம்."

"திங்கட்கிழமை கையெழுத்துப் போடுற மனுசன், அண்ணை."

அண்ணை கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கினார். வியர்வை துடைக்கக் கைக்குட்டையை இழுத்தேன். தக்கை என் மடியில் விழுந்தது.

ஏரிக்குள் எறிந்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்; அதை இப்போது மறைக்கவில்லை. ஆனால் எங்கள் இருவருக்கும் நீச்சல் தெரியாது. வேலை போனது, மனைவியும் வரமாட்டாள் என்று முடிவு செய்துகொண்டு தக்கையை யென்ஸின் உள்ளங்கையில் வைத்தேன்.

சீட்டி நின்றது.

"எனக்குப் படகைப் பற்றி ஒன்றும் தெரியாது," என்றேன்.

"அது தெரிகிறது," என்றார்.

கோபப்படவில்லை. ஓட்டை படகுக்கு வெளியே, தண்ணீருக்கு அடியில் இருந்ததால் படகை நாணல் பக்கம் திருப்பினார். அங்கே தண்ணீர் இடுப்பளவுதான். மூவரும் இறங்கிப் படகைத் தள்ளியபடி நடந்தோம். யென்ஸ் வாங்கிய ரொட்டி எங்களுக்கு முன்னே மிதந்து போனது.

திங்கட்கிழமை அவர் கையெழுத்துப் போட்டார். "தெரியாது என்று சொல்ல உனக்கு ஆறு மாதம் பிடித்திருக்கிறது. இன்னும் கொஞ்சக் காலம் இருந்து பழகு," என்றார்.

அதன்பின் தொழிற்சாலையில் நான் எந்த வேலையை முடித்தாலும் "ப்ரொப்பன்?" என்று கேட்டார்கள். தக்கை எங்கே என்று அர்த்தம். மனைவி வந்து இறங்கியதும் கற்றுக்கொண்ட முதல் டெனிஷ் சொல்லும் அதுதான். பிறகு பிறந்த மகள் அப்பா என்பதை டெனிஷில் "ஃபார்" என்றுதான் சொல்லுவாள்; நான் வீட்டைப் பூட்டினாலும் காரை நிறுத்தினாலும் அவளுக்கும் அதே கேள்வி.

போன வருடம் அவளுக்குக் கல்யாணம். கோவில் வாசலில் மணப்பெண்ணாக என் கையைப் பிடித்து நின்றாள். எனக்குக் கால் நகரவில்லை. அவள் என் காதருகே குனிந்து, "ஃபார், ப்ரொப்பன்?" என்றாள்.

என் கை தானாகச் சட்டைப்பையைத் தடவியது.