மண்டைக்குள் கட்டி, கடலுக்குள் பார்

சாகப்போகிறோம் என்று நினைப்பவனுக்கு வரும் தாராள மனம் மிக ஆபத்தானது. பிழைத்துவிட்டால், கொடுத்ததைத் திருப்பிக் கேட்க வாய் வராது. பட்டவன் சொல்கிறேன்.

என் வலப் புருவத்துக்கு மேலே ஒரு வீக்கம் இருந்தது. வலியில்லை; தொட்டால் கல் மாதிரி இருக்கும். எப்போதோ படகில் இடித்ததாக்கும் என்று தொப்பியால் மறைத்துக்கொண்டு, வருடக்கணக்காக மன்னார்த் தீவின் பேசாலையிலிருந்து கடலுக்குப் போய்வந்தேன். தொப்பியே கொள்ளாத அளவுக்கு அது பெருத்தபோது, என் மனைவி ரீற்றா என்னை யாழ்ப்பாணத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டொக்டர் ஸ்கான் படத்தைக் காட்டினார். எலும்புக்குள் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது.

"மண்டையோட்டு எலும்புக்குள்ள வளர்ற இரத்தக்குழாய்க் கட்டி. அபூர்வமா வாறது. புற்றுநோயாத் தெரியேல்லை. அந்தத் துண்டை வெட்டியெடுத்துச் சோதிச்சா உறுதியாச் சொல்லலாம். பயப்பிடாதேங்கோ."

என் காதில் விழுந்தது மண்டையோடு, அபூர்வம், வெட்டு. அவ்வளவுதான். (டொக்டர் மற்றதையும் சொன்னவர் என்று மன்னார் வரும்வரை ரீற்றா பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தாள்.)

சத்திரசிகிச்சை அன்று காலை, தலையை மழித்து என்னைக் கட்டிலில் கிடத்தியிருந்தபோது ரீற்றாவின் தம்பி அன்ரன் வந்தான். அவனும் கடல்தொழில்தான். கலவாய் மீன் குவியும் ஒரு பார், கடலடிப் பாறைத் திட்டு, எனக்கு மட்டும் தெரியும். என் வீட்டு அடுப்பு எரிந்ததே அதனால்தான். அன்ரன் எத்தனையோ தடவை பின்னால் வந்திருக்கிறான். நானும் வேறு திசையில் ஓடி, அவனுடைய எண்ணெயைத் தீர்த்து அனுப்பியிருக்கிறேன்.

"அன்ரன், நான் திரும்பி வரமாட்டன். பிள்ளையளை நீதான் பார்க்கோணும்."

"விசர்க்கதை கதையாதேங்கோ அத்தான்."

"வீட்டில என்ர ஜிபிஎஸ் இருக்கு, எடு. அந்தப் பார் அதில கிடக்கு. 'சேமக்காலை' எண்டு போட்டிருக்கிறன்." (கல்லறைத் தோட்டத்தின் பெயரைப் போட்டால் எவனும் தேடமாட்டான் என்பது என் தந்திரம்.)

அன்ரன் தேம்பி அழுதான். எனக்காகவா, பாருக்காகவா என்று யோசிப்பதற்குள் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

எலும்பை எடுத்த இடத்தில் உலோக வலை ஒன்றைப் பொருத்தினார்கள். சில வாரங்களில் முடிவும் வந்தது: கெடுதலில்லாத கட்டி, முழுதாக எடுத்தாயிற்று. அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத ரீற்றா, டொக்டரின் மேசையிலேயே தலையைக் கவிழ்த்து அழுதாள். என் பயத்தைக் கட்டிக்கொண்டு கிடந்த நான், அவள் பயந்ததைக் கவனிக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால், அன்ரன் பெரிய கலவாய் ஒன்றோடு நின்றான். ரீற்றா சொதி வைத்தாள்.

"ருசி எப்பிடி அத்தான்?"

"என்ர மீனின்ர ருசி எனக்குத் தெரியாதே?"

உயிரோடு இருக்கும் சந்தோசத்திலும் எனக்குக் கோபம் வந்தது. ஜிபிஎஸ்ஸை அன்றைக்கே திருப்பித் தந்தான். பார் அவன் மண்டைக்குள் போய்விட்டது. அதை எந்த டொக்டர் வெட்டியெடுப்பது?

இப்போதும் வருடாவருடம் ஸ்கானுக்குப் போகிறேன். நல்ல மீன்பாடு உள்ள நாளானாலும் அன்ரன் படகை விட்டுவிட்டுக் கூடவே வருவான். (என்னிடம் இன்னொரு பார் இருப்பதாக அவனுக்குச் சந்தேகம். இருக்கிறது.) இந்த முறையும் டொக்டர், "ஒண்டும் வளரேல்லை, சந்தோசமாப் போங்கோ" என்றார். அன்ரன் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்ததை நான் கண்டேன்.

வெளியே வந்ததும் வழமைபோல ரீற்றாவிடம் முறையிட்டான்.

"அக்கா, இந்த வருசமும் அத்தான் மற்றப் பாரைத் தராமல் தப்பிற்றார்."