ஞாயிறு பத்து மணிக்குக் காலியாகிப்போன ஸ்டூல்

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் முழங்கால், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி எல்லாம் நலம். உங்கள் தங்கையும் நலம். அளவுக்கு மீறிய நலம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நான் போனைக் கையில் எடுத்தாலே "யாருக்குங்க?" என்று கேட்கிறாள். பொய் சொன்னால் எனக்குக் காது சிவந்துவிடும் என்பது உங்கள் குடும்பம் முழுவதற்கும் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தங்கை தலைக்கு டை அடிப்பதை நிறுத்தி ஐந்து மாதம் ஆகிறது.

இதற்கா ஒரு கடிதம் என்று நினைக்காதீர்கள் அக்கா. பதினான்கு வருடமாக அவள் தலைக்கு டை அடித்தது நான். மூன்று வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி, பால்கனியில் நீல ஸ்டூல், அவள் தோளில் பழைய துண்டு, என் கையில் கிண்ணமும் பிரஷும். பெயின்ட் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் ஷேட் கலக்கும் பிரிவில் இருந்தவன் நான். கடைப் பாக்கெட்டை அப்படியே குழைத்து அப்புகிறவன் இல்லை. மூன்று பங்கு கறுப்பு, ஒரு பங்கு அடர் பழுப்பு, வெயில் காலத்தில் பழுப்பு அரைப் பங்கு கூடுதல். இத்தனை வருடத்தில் அது சாயம் என்று ஒரு ஆள் கண்டுபிடித்ததில்லை. நீங்களே "எங்க தங்கச்சிக்கு முடி மட்டும் அப்பா மாதிரி, நரைக்கவே இல்ல"ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அப்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

அந்த ஞாயிறு நான் வழக்கம்போலக் கிண்ணத்தோடு போய் நின்றேன். அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"போதுங்க. இனிமே வேணாம்."

"என்ன வேணாம்?"

"டைதான். நான் நீச்சல் கிளாஸ்ல சேர்ந்திருக்கேன். ஞாயித்துக்கிழமை பத்து மணி பேட்ச்."

ஐம்பத்திரண்டு வயதில் நீச்சல்! ஆறு வயதுப் பிள்ளைகள் மிதவையைக் கட்டிக்கொண்டு இறங்கும் பக்கத்தில் இவளும் இறங்குகிறாளாம். சளி பிடிக்கும் என்றேன், வழுக்கும் என்றேன், குளோரின் கண்ணுக்கு ஆகாது என்றேன். கண்ணாடிக் கடையில் இருபது வருடமாக ஊர்க்காரர்களுக்குப் பவர் பார்த்துக் கண்ணாடி போட்டுவிடுகிறவளிடம் போய்க் கண்ணைப் பற்றிப் பேசினால் எடுபடுமா? கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். நானும் ஸ்டூலும் பால்கனியில் நின்றோம்.

சரி, பயமுறுத்தியாவது திருத்தலாம் என்று ஒரு காரியம் செய்தேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். பழைய பழக்கத்தில் ஒரு ஷேட் கார்டு தயாரித்தேன். நான்கு கட்டம். ஒரு மாதத்தில் தலை எப்படி இருக்கும், மூன்று மாதத்தில், ஆறு மாதத்தில், ஒரு வருடத்தில் என்று நிறம் கலந்து பூசி, காய வைத்து, அவள் டிபன் பையில் வைத்துவிட்டேன். அதைப் பார்த்ததும் அலறிக்கொண்டு ஸ்டூலில் வந்து உட்காருவாள் என்பது கணக்கு. ஆனால் அக்கா, மோசமான நிறம் கலக்க எனக்குக் கை வராது. நான்காவது கட்டத்துக்கு மட்டும் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் வெள்ளி, கொஞ்சம் சாம்பல், உள்ளே ஒரு துளி நீலம். கம்பெனியில் இருந்தபோதுகூட அப்படி ஒரு நிறம் எனக்கு அமைந்ததில்லை.

அவள் அதைக் கடைக்கு எடுத்துப்போய் எல்லோருக்கும் காட்டியிருக்கிறாள். நான்காவது கட்டம்தான் அழகு என்று ஏகமனதாகத் தீர்மானம். அன்று சாயங்காலமே, சாயம் ஏறிய நீள முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். கார்டு இப்போது பிரிட்ஜ் கதவில் இருக்கிறது. முதல் இரண்டு கட்டத்திலும் டிக் போட்டாயிற்று. நான் தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் என் கைவேலையே என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

இதோடு விட்டாளா? கண்ணாடிக் கடைக்கு வருகிற நாற்பது வயதுப் பெண்கள் எழுத்துத் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளக் கூச்சப்படுவார்களாம். அவர்களிடம் "எனக்கு அம்பத்திரண்டு, பவர் ரெண்டு, தலை பாதி வெள்ளை. நானே சொல்றேன், உங்களுக்கென்ன?" என்கிறாளாம். இப்போது "அந்த நரைச்ச அக்கா இருக்காங்களா?" என்று கேட்டு வருகிறார்கள். போன வாரம் எங்கள் அடுக்குமாடி லிஃப்டில் ஏழு பேர் நிற்கும்போது, அட்டையால் விசிறிக்கொண்டே "மெனோபாஸ் வந்தாலே இப்படித்தான், திடீர்னு குப்புனு கொதிக்கும்" என்றாள். நான் நான்காவது மாடியில் இறங்கிவிட்டேன். எங்கள் வீடு ஆறாவது மாடி.

பஸ் கதையையும் கேளுங்கள். கூட்டம். ஒரு பெண் எழுந்து இவளுக்கு இடம் கொடுத்தாள். முன்பெல்லாம் யாராவது எழுந்தால் முறைப்பாள். இப்போது "நல்லா இரும்மா" என்று காலை நீட்டி உட்கார்ந்தாள். இறங்கும் இடம் வந்ததும் கண்டக்டர் என்னைப் பார்த்து, "தம்பி, அம்மா கையைப் புடிச்சு மெதுவா இறக்குங்க" என்றார். எனக்கு ஐம்பத்தேழு வயது அக்கா! என் தலை கறுப்பு, அவள் தலை வெள்ளை, அவ்வளவுதானே வித்தியாசம்? இவளோ "வா கண்ணு" என்று என் கையைப் பிடித்து இறங்கினாள். வீடு வரும்வரை சிரிப்பு அடங்கவில்லை.

என் தலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடமும் அவளுக்குக் கலந்ததில் மிச்சத்தைத்தான் நான் பூசிக்கொள்வேன். இப்போது ஒரு ஆளுக்கு மட்டும் கலந்தால் அளவு பிடிபடவில்லை. போன தடவை கத்தரிக்காய் நிறத்தில் வந்துவிட்டது. தொப்பி போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. எனக்கு அவள் நரை பிரச்சினையில்லை அக்கா. நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ஸ்டூலில் உட்கார்ந்த ஒரு மணி நேரம்தான் அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மனதைத் திறந்து பேசுவாள். பையன் படிப்பு, என் ஓய்வு, உங்கள் அப்பா இறந்த பிறகு அவள் அழுதது எல்லாம் அந்த ஸ்டூலில்தான். மற்ற நேரத்தில் எங்கள் பேச்சு கேஸ் வந்ததா, பால் வந்ததா என்பதோடு சரி. ஐந்து மாதமாக அந்த ஒரு மணி நேரம் இல்லை. வயதாவதென்றால் இரண்டு பேரும் சேர்ந்துதான் ஆவோம் என்று நினைத்திருந்தேன். அவள் ஒரு வார்த்தை சொல்லாமல் முன்னால் போய்விட்டாள். நான் பின்னால், கிண்ணத்தோடு நிற்கிறேன். பயமாக இருக்கிறது.

ஆகவே நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, மூத்தவள் என்ற முறையில் இரண்டு அதட்டு அதட்ட வேண்டும். வரும்போது அடர் பழுப்பு இரண்டு டப்பா வாங்கி வரவும். இங்கே சரக்கு இல்லை. அண்ணனுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், அவர்கள் தலைமுடி உட்பட.

இப்படிக்கு,
கவலையில் இருக்கும் உங்கள் தங்கை கணவன்

பி.கு.: நீங்கள் வர வேண்டாம். டப்பாவும் வேண்டாம். கவர் தேடப் போன நேரத்தில் கடிதத்தை டைனிங் டேபிளிலேயே விட்டுவிட்டேன்; நீச்சல் முடிந்து வந்தவள் முழுவதும் படித்துவிட்டாள். ஸ்டூலைப் பால்கனிக்கு இழுத்துப் போட்டாள். மனம் மாறிவிட்டாள் என்று நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். "அதை வெச்சிட்டு நீங்க உக்காருங்க" என்றாள். தொப்பியைக் கழற்றிப் பார்த்தவளுக்குச் சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆனது. பிறகு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு அந்த டை ஆரம்பத்துலேர்ந்தே எரியும்ங்க. பதினாலு வருஷம் எதுக்கு உக்காந்தேன்னு நெனைக்கிறீங்க? அப்பதான் நீங்க வாயத் திறந்து பேசுவீங்க."

இந்தக் கடைசிப் பத்தியில் எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும் அக்கா. மடியில் அட்டையை வைத்து எழுதுகிறேன். கத்தரி நிறம் பாதிக்கு மேல் தரையில் கிடக்கிறது, தலையை அசைக்கக் கூடாது என்று உத்தரவு. அவளோ பின்னால் நின்று பேசிக்கொண்டே இருக்கிறாள்.