பிரேக்டவுன் அண்ணனும் ஓர் எலுமிச்சம்பழமும்

இந்த உலகத்தில் இரண்டாவது முறை ரிப்பேரே ஆகாத பொருள் ஒன்று உண்டென்றால், அது பிரேக்டவுன் அண்ணன் ஒருமுறை கை வைத்த பொருள்தான். மறுபடி ரிப்பேர் ஆகாது. மறுபடி திறக்கவும் முடியாது.

அப்பா அம்மா வைத்த பேர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும், நான் பார்த்ததில்லை. கம்பெனியில் எந்த மெஷின் நின்றாலும் "பிரேக்டவுன்!" என்று லைனில் கத்துவார்கள். மெயின்டனன்ஸ் ஃபிட்டரான இவர் ஸ்பேனரோடு ஓடி வருவார். அந்தக் கத்தலே பேராக ஒட்டிக்கொண்டது. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த ஒருத்தர் கவர் மேல் 'திரு. பிரேக்டவுன் அவர்கள்' என்றே எழுதியிருந்தார்.

தொண்ணூத்தொண்ணில் நான் அதே கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க்; யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், வெளியே போனார் என்று பதிகிற வேலை. பிள்ளைப்பாக்கம் பக்கம் புதிதாக மனை போட்ட இடத்தில் அண்ணன் ஒரு வீடு கட்டியிருந்தார். அதன் மாடி ரூமில் குடியிருந்தேன். தை மாதம் பால் காய்ச்சிய வீடு. பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை, அதற்குள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ள ஆரம்பித்துவிட்டது.

விஷயம் என்னவென்றால், வீட்டைக் கட்டியவர் வாலாஜாபாத்தில் கட்டட மேஸ்திரியாக இருந்த மச்சான். அண்ணனின் மனைவி வசந்தா அக்காவின் கூடப்பிறந்த அண்ணன். அப்பா இல்லாத வீட்டில் தங்கச்சியை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர். அவர் என்றால் அக்காவுக்கு உசிரு. பால் பொங்கிய அன்றைக்கே அக்கா அடுப்படியில் நின்றுகொண்டு சொல்லிவிட்டாள்:

"தோ பாருய்யா, இது எங்கண்ணன் கட்ன வூடு. எவனாவது உள்ள வந்து நொட்ட சொன்னான்னு வெச்சுக்கோ, அன்னிக்கே பொட்டியத் தூக்கினு வாலாஜாபாத் பூடுவேன்."

அக்கா சொன்னால் செய்கிற ஆள். கொத்தனாரோ பிளம்பரோ உள்ளே வந்தால் முதலில் கேட்பது "இதக் கட்னது யாரு சார்?" என்பதுதானே. ஆகவே வெளியாள் ஒருத்தனும் படியேறக் கூடாது என்று அண்ணன் முடிவு பண்ணினார். சகல ரிப்பேரையும் தானே ஏற்றுக்கொண்டார்.

சமையலறை ஆணியில் ஒரு நோட்டு தொங்கும். தேதி, பழுது, பார்த்த வேலை, காரணம் என்று நாலு கட்டம். பழுதை அக்காதான் எழுத வேண்டும். வாயால் சொன்னால் செல்லாது. "ரெக்கார்டு இல்லாம நா ஸ்பேனர் தொடமாட்டேன்" என்பார். காரணக் கட்டத்தை மட்டும் அவர் நிரப்புவார். வெயில், மழை, எலி, ரோட்டில் போன லாரி. ஜன்னல் கொக்கி சுவரோடு பெயர்ந்து கையில் வந்ததற்குக் காரணம், 'ஆடிக் காத்து'. அந்த நோட்டை நம்பினால் இயற்கையே திரண்டு வந்து அந்த வீட்டின் மேல் பகை தீர்த்துக்கொண்டிருந்தது.

பாத்ரூம் தாழ்ப்பாள் மூன்றாவது மாசமே விழுந்தது. அண்ணன் பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்து லாரிக் கதவுக்குப் போடுகிற தாழ்ப்பாள் ஒன்றை மாட்டினார். அதை இழுத்துப் போட்டால் எழுகிற சத்தத்தில், குளிக்கப் போவது யார் என்று தெருக்கோடி வரை தெரிந்துவிடும். நான் வேகமாகப் போடுவேனாம், அக்கா நிதானமாகப் போடுவாளாம். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் என்னிடம், "இன்னா தம்பி, இன்னிக்கு ரெண்டு தபா குளிச்ச போல?" என்று விசாரித்தார். மானம் போயிற்று.

சுவரில் விரிசல் விழுந்தால் அதன் மேல் ஒரு காலண்டர். ஆவணி வருவதற்குள் ஹாலில் மட்டும் ஏழு காலண்டர்கள். மச்சான் ஒருமுறை வந்தபோது மிரண்டுபோய்க் கேட்டார்.

"இன்னா மாப்ள, இத்தினி காலண்டரு?"

"நாள் நட்சத்திரம் பாக்காம நா தும்மறதுகூட இல்ல மச்சான்" என்றார் அண்ணன்.

இப்படியாக ஆயுத பூஜை வந்தது. மச்சான் குடும்பத்தோடு வந்திருந்தார். ஹாலில் மனை போட்டு, அதன் மேல் அண்ணனின் ஸ்பேனர், பைப் ரென்ச், குறடு, சுத்தியல் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாகப் படுத்திருந்தன. அக்காவின் அரிவாள்மனையும் கத்தியும்கூட அங்கேதான். பக்கத்தில் குத்துவிளக்கு எரிந்தது. மச்சான் சுண்டலை வாயில் போட்டுக்கொண்டு, "எப்டி நிக்குது பாத்தியா என் வூடு!" என்று தூணைத் தட்டினார்.

சமையலறையில் 'டப்' என்று ஒரு சத்தம்.

தண்ணீர்க் குழாய் வளைகிற மூட்டில் மாட்டியிருந்த எல்போ கழன்று எதிர்ச்சுவரில் அடித்தது. தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு ஹாலுக்குள் பாய்ந்தது. "வெளக்கு! வெளக்கு அணையக் கூடாது!" என்று அலறிக்கொண்டு அக்கா முந்தானையை விரித்து விளக்குக்கு அணை கட்டினாள்.

அண்ணன் பைப் ரென்ச்சை எடுக்கப் பாய்ந்தார். சந்தனப் பொட்டைப் பார்த்தார். கையை இழுத்துக்கொண்டார்.

"ஆபத்துக்குப் பாவமில்ல, எடு மாப்ள!" என்றார் மச்சான்.

"வருசம் பூரா அதுங்களப் போட்டு அடிச்சு வேல வாங்கறேன். இன்னிக்கு ஒரு நாளு லீவு. லீவுல கீறவன ஓ.டி.க்குக் கூப்புட்டா நாயமா மச்சான்?"

"அப்ப பிளம்பரக் கூப்புடு!"

"வெளியாள் வேணாம்!" அண்ணனின் குரல் உடைந்தேவிட்டது. அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற காட்சி அவர் கண்ணில் ஓடியிருக்க வேண்டும். கூப்பிட்டாலும் எவன் வருவான்? அன்றைக்கு ஊரில் உள்ள அத்தனை ஸ்பேனரும் குங்குமம் வைத்துக்கொண்டு படுத்திருந்தன.

"தொட்டித் தண்ணிய மூடற கேட் வால்வு எங்க மச்சான்?"

மச்சான் சுண்டலை விழுங்கினார். "அது பாக்க அசிங்கமா இருந்துச்சுன்னு சுவத்துக்குள்ள வுட்டுப் பூசிட்டேன் மாப்ள."

அண்ணன் ஒரு விநாடி கண்ணை மூடினார். திறந்தபோது பார்வை பூஜைத் தட்டில் இருந்த எலுமிச்சம்பழத்தின் மேல் விழுந்தது.

"வசந்தா, எலுமிச்சம்பழம் ஆயுதமா?"

"இல்லய்யா!"

"அப்ப அதுக்கு லீவு இல்லல்ல?"

"இல்லவே இல்ல, எடுத்துனு ஓடுய்யா!"

பட்டு வேட்டியோடு மொட்டைமாடிக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். தொட்டி மூடியைத் தள்ளிவிட்டு உள்ளே குதித்தார். வேட்டி தண்ணீரில் பலூனாக உப்பியது. பழத்தைப் பிடித்துக்கொண்டு முங்கினார். அடியில் தண்ணீர் வெளியேறும் ஓட்டையில் பழத்தை வைத்ததும் தண்ணீரே அதை இழுத்து அழுத்திக்கொண்டது. கீழேயிருந்து அக்காவின் குரல் வந்தது: "நின்னுச்சுய்யா! வெளக்கு எரியுது!"

சொட்டச் சொட்ட இறங்கி வந்து எல்போவை எடுத்தார். நானும் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கசியாமலிருக்க மரையில் சணல் சுற்றி இறுக்கியிருக்க வேண்டும். பேருக்குக்கூட ஒரு நார் இல்லை. வெறுங்கையால் திருகி விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இதற்கு மேல் எலியையும் லாரியையும் இழுக்க முடியாது.

வாசலில் அக்கம்பக்கம் கூடிவிட்டது. மச்சான் தொண்டையைச் செருமினார். "மாப்ள, நீ எதுனா இதுல கை வெச்சியா?"

அக்கா அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு நாக்கு துறுதுறுத்தது.

"ஆமா மச்சான்" என்றார் அண்ணன். "நேத்து பகல்ல நாந்தான் டைட் வெக்கறேன்னு லூசாக்கிட்டேன். என் கைதான் தப்பு."

நேற்று காலையிலிருந்து இரவு வரை மனுஷன் கம்பெனியில் பூஜைக்கு மெஷின் துடைத்துக்கொண்டிருந்தார். டைம் ஆபீஸ் கிளார்க்குக்கா தெரியாது? ஆனாலும் துடைப்பத்தை எடுத்து ஹால் தண்ணீரைத் தள்ளப் போனேன்.

அரிசி மூட்டைச் சாக்கிலிருந்து சணலைக் கையாலேயே உருவினார். மரையில் சுற்றினார். எல்போவை வெறுங்கையால், பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். கொல்லையில் கிடந்த பழைய சைக்கிள் டியூபை, வெட்டக் கத்தி இல்லாததால், முழுசாகவே சுற்றி இறுக்கி முனையைச் செருகினார். பிறகு மாடிக்குப் போய்ப் பழத்தை எடுத்தார். குழாயைத் திறந்ததும் தண்ணீர் ஜோராகக் கொட்டியது. மூட்டில் ஒரு சொட்டு இல்லை. வாசலில் நின்ற கூட்டம் கை தட்டியது, ஒருவர் விசிலே அடித்தார். "இன்னா இருந்தாலும் வூடு ஸ்ட்ராங்கு, அதான் தாங்கிச்சு" என்று மச்சான் மீதிச் சுண்டலை முடித்தார்.

மறுநாள் தண்ணீர் குடிக்கப் போனபோது நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். பார்த்த வேலை: எலுமிச்சம்பழம் ஒன்று, டியூப் ஒன்று. காரணம்: 'என் கை'. அதை யாரோ அடித்திருந்தார்கள். பக்கத்தில் அக்காவின் குண்டுக் கையெழுத்தில், 'எங்கண்ணன்' என்று இருந்தது. முன்பக்கங்களைப் புரட்டினேன். வெயில், மழை, எலி, லாரி, ஆடிக் காத்து எல்லாமே அடிக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் அதே வார்த்தை.

அண்ணன் பின்னாலேயே வந்து நின்று அதைப் படித்தார். வெகுநேரம் படித்தார். பிறகு அந்தப் பக்கங்களை மெதுவாகக் கிழித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"மச்சான் வந்தா பாத்துடப் போறாரு. மனசு கஷ்டப்படும்" என்றார்.

இப்போது என் வீட்டில் எது உடைந்தாலும் "என் கைதான்" என்று சொல்லிப் பார்க்கிறேன். என் மனைவி உடனே நம்பிவிடுகிறாள். நம்பாமல் ஒருத்தி அடித்து எழுத வேண்டுமென்றால், அதற்கு பிரேக்டவுன் அண்ணனாகப் பிறந்திருக்க வேண்டும்.