டீச்சர் வாசலில் ஒரு கோழிக்கூண்டு

தான் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, கோழிகளுக்குச் சொந்த வீடு கட்டிக் கொடுத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஸ்ராங்கு. வீடு என்றால் கவிழ்த்துப் போட்ட கூடை என்று நினைத்துவிடாதீர்கள். மழைத் தண்ணீர் வழியச் சரிவான கூரை, காற்று வர மேலே கம்பி வலை, கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள், பிரசவத்துக்குத் தனி அறை. அடுத்த போர்ஷனில் குடியிருந்த எனக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது. மழைக்காலத்தில் நானும் என் மனைவியும் ஒழுகும் கூரைக்குக் கீழே பாத்திரம் வைத்துவிட்டு, அந்தக் கோழிகளைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டு நிற்போம்.

திருவொற்றியூரில் ஒரு பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலை, மறுபக்கம் ரயில் பாதை, நடுவே எங்கள் சந்து. பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஆபீஸில் எனக்கு வேலை. விசைப்படகை ஓட்டி, அதில் இருக்கும் ஆட்களையும் ஆட்டி வைக்கிறவரைக் காசிமேட்டில் ஸ்ராங்கு என்பார்கள். நம்மவர் வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்தார். ஒருநாள் இழுவைக் கயிறு அறுந்து முழங்காலில் அடித்ததில் தரைக்கு வந்துவிட்டார். அவருடைய நிஜப் பெயர் சந்தில் யாருக்கும் தெரியாது. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், "ஒவ்வொரு தபாவும் பொண்ணு பாக்குற அன்னிக்குன்னு பாத்து மீனு நல்லா வுழும் நைனா. வுட்டுட்டு வர மனசு வருமா?" என்பார்.

தரையில் அவருக்குப் பொழுது போகவில்லை. அதிகாரம் செய்ய ஆள் இல்லாதது அதைவிடப் பெரிய குறை. அதனால் கோழிகள் வாங்கினார். தான் கரை தொட்ட ஊர்களின் பெயரையே அவற்றுக்கு வைத்தார். காக்கிநாடா, பாரதீப், நாகப்பட்டினம், மசூலிப்பட்டினம். சேவலுக்கு விசாகப்பட்டினம். "பேரும் பெருசு, ஆளும் பெருசு" என்று அதற்கு விளக்கம்.

பொழுது சாயும் நேரத்தில் சந்து முனையில் நின்றுகொண்டு, "காக்கிநாடா! காக்கிநாடா!" என்று கூவுவார். ஒருமுறை ஷேர் ஆட்டோ ஒன்று அவர் பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "காக்கிநாடாலாம் போவாது பெருசு. எண்ணூரோட சரி" என்றார்.

ஆரம்பத்தில் கோழிகள் பகலில் இஷ்டத்துக்கு மேய்ந்துவிட்டு மதில்மேல் ஏறித் தூங்கின. சந்து நாய்களுக்கு இது விருந்துக்கு வைத்த அழைப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு விடியலில் மசூலிப்பட்டினம் இல்லை. இறகுகள் மட்டும் கிடந்தன. ஸ்ராங்கு கதவைச் சாத்திக்கொண்டார். துக்கம் விசாரிக்கிற மாதிரி போய் உட்கார்ந்தேன். கோழிக்குத் துக்கம் விசாரிப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

"எங்கூட கடலுக்கு வந்தவன் ஒருத்தனைக்கூட நான் அங்க வுட்டுட்டு வந்ததில்ல நைனா" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டே. "தரையில ஒரு கோழியக் காப்பாத்த துப்பில்ல எனக்கு."

மறுநாளே காசிமேட்டிலிருந்து உடைத்த படகின் பலகைகள் மீன்பாடி வண்டியில் வந்து இறங்கின. வீட்டுக்காரரிடம் கேட்டுப் பின்கட்டு மூலையில் கூடு கட்டத் தொடங்கினார். தண்ணீர் ஏறாமலிருக்க முழங்கால் உயரக் கால்கள். உட்கார்ந்து தூங்க உருட்டுக் கட்டை. முட்டையிட வைக்கோல் பரப்பிய மீன் பெட்டிகள். பக்கங்களுக்கு முதலில் மீன் வலையைத்தான் கட்டினார். பெருச்சாளி அதை ஒரே இரவில் கத்தரித்துவிட்டது. அவமானம் தாங்காமல் கெட்டியான கம்பி வலை வாங்கி அடித்தார். பூனை ஒரு தாழ்ப்பாளைத் தட்டித் திறந்துவிடும் என்று இரண்டாவது தாழ்ப்பாள் வைத்தார். அதன் பிறகு கூட்டுக்குள் ஒரு உயிருக்கும் சேதமில்லை.

ஆனால் பகல் இருக்கிறதே! கூட்டிலேயே அடைத்து வைத்தால் கோழிகளின் முகம் வாடுகிறதாம். கோழி முகம் வாடுவதைக் கண்டுபிடிக்கும் கண் அவருக்கு இருந்தது. அதற்காக ஒரு நகரும் கூண்டு செய்தார். பிளாஸ்டிக் குழாயில் சட்டம், சுற்றிலும் கம்பி வலை, பருந்துக்கும் காக்கைக்கும் பயந்து மேலேயும் வலை. அடிப்பக்கம் திறப்பு, கோழிகளுக்கு மண்ணும் புல்லும் கிடைக்க. ஒரு முனையில் உடைந்த ஆபீஸ் நாற்காலியின் சக்கரங்கள், மறுமுனையில் கைப்பிடி. கைப்பிடியைத் தூக்கி மெதுவாக இழுத்தால் கோழிகளும் உள்ளேயே நடந்து வரும். ஒரு இடம் அசுத்தமாவதற்குள் அடுத்த இடம். எங்கள் சந்தில் புல் முளைத்த இடமெல்லாம் அந்தக் கூண்டு முறை வைத்துப் போய் நின்றது.

புல் நன்றாக முளைத்திருந்தது பிலோமினா டீச்சர் வாசலில். எதிர் வீடு. தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையிலிருந்துதான் ஓய்வு, திருத்துவதிலிருந்து அல்ல.

"ஸ்ராங்கு! இது தெருவா, கோழிப் பண்ணையா?"

"தெருதான் டீச்சர். கோழிங்க சும்மா நடந்துகினு கீதுங்க."

"'நடந்துகினு கீதுங்க' இல்லை. 'நடந்துகொண்டிருக்கின்றன.'"

"அப்டி சொன்னா அதுங்களுக்குப் புரியாது டீச்சர்."

காலைதோறும் இதுதான். டீச்சர் கேட் வரைக்கும் வந்து திட்டுவார். ஸ்ராங்கு கூண்டை இரண்டடி நகர்த்துவார். டீச்சர் உள்ளே போனதும் கூண்டு பழைய இடத்துக்கு வந்துவிடும். எனக்கு ஆபீஸுக்குக் கிளம்ப அலாரம் தேவைப்படவில்லை.

ஒரு மழை நாள் காலை. கூண்டு வாசலில் நிற்பதைப் பார்த்து டீச்சர் வேகமாக இறங்கினார். வாய் திறந்து "ஸ்ராங்கு" என்பதற்குள் வாசற்படியில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆட்டோவில் ஏற்றத் தூக்கியவர்களில் ஸ்ராங்கும் ஒருவர். சரியில்லாத முழங்காலோடு அவர் எப்படித் தூக்கினார் என்று தெரியவில்லை. ஆபரேஷன் நடந்து டீச்சர் வீடு திரும்பினார். வெளியறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டார்கள். உடன் இருந்தது அவர் தங்கை மகள் ஸ்டெல்லா.

அன்றிலிருந்து கூண்டு வெளியே வரவில்லை. கோழிகள் பின்கட்டிலேயே கிடந்தன. நான் கேட்டபோது ஸ்ராங்கு கையை விரித்தார்.

"என்னாலதான நைனா வுழுந்தாங்க? இன்னா மூஞ்ச வச்சிகினு அத அங்க இட்டுகினு போவேன்?"

சந்து சத்தமில்லாமல் போனது. நானும் ஆபீஸுக்குத் தாமதமாகப் போகத் தொடங்கினேன்.

ஒருநாள் ஸ்டெல்லா எங்கள் பக்கம் வந்தாள். கண் சிவந்திருந்தது. "பெரியம்மா எழுந்திருக்கவே மாட்டேங்கறாங்க. நடக்கப் பழக்க வர்ற அம்மா கெஞ்சிப் பாத்துட்டுப் போயிட்டாங்க. யார்கிட்டயும் பேச்சு இல்ல. இன்னைக்கு மட்டும், 'கோழிச் சத்தம் ஏன் கேக்கல'ன்னு ஒரு வார்த்தை கேட்டாங்க."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்ராங்கு அவளையே பார்த்தார். "கேட்டாங்களா? அவங்களா?"

மறுநாள் காலை, டீச்சர் ஜன்னலுக்கு நேர் கீழே கூண்டு நின்றது. விசாகப்பட்டினம் இத்தனை நாள் அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்துக் கூவியது. ஸ்ராங்கு பக்கத்தில் கைகட்டி நின்றார், தண்டனை கேட்க வந்த மாணவன் மாதிரி. சேவல் இரண்டாம் முறை கூவியது. மூன்றாம் முறை கூவும்போது உள்ளேயிருந்து ஒரு குரல், பலவீனமாக, ஆனால் எழுத்துப் பிசகாமல் வந்தது.

"யார் அங்கே? என் ஜன்னலுக்குக் கீழே கோழிகளை நிறுத்தியது யார்?"

"நான்தான் டீச்சர்! இங்க நின்னுகினு கீறேன்!"

"'நின்றுகொண்டிருக்கிறேன்.'"

ஸ்ராங்கு திரும்பி என்னைப் பார்த்தார். சிரித்தாரா அழுதாரா என்று பிரித்துச் சொல்ல முடியாத முகம்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் அயோக்கியத்தனம். கூண்டை ஜன்னலிலிருந்து கொஞ்சம் தள்ளி, படுத்திருந்தால் கண்ணில் படாத இடத்தில் நிறுத்தினார். திட்ட வேண்டுமென்றால் டீச்சர் எழுந்து உட்கார வேண்டும். உட்கார்ந்து திட்டினார். சில நாள் கழித்துக் கூண்டு கேட் பக்கம் போனது. டீச்சர் ஸ்டெல்லாவின் தோளையும் நடைச்சட்டத்தையும் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி வாசல் வரைக்கும் வந்தார். ஸ்டெல்லா முந்தின நாளே படியைத் தேய்த்துக் கழுவியிருந்தாள்.

"இது என் எல்லை! எடும் இதை!"

"காதுல வுழல டீச்சர். கொஞ்சம் முன்னால வந்து சொல்லுங்க."

கூண்டு எங்கள் வாசலுக்கு வந்தது. அப்புறம் குழாயடிக்கு. அதற்குப் பின் சந்து முனைக்கு. டீச்சர் ஒவ்வொரு இடத்துக்கும் வந்து திட்டினார். நடக்கப் பழக்க வருகிற அம்மா ஓரமாக நின்று, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். சந்து மொத்தமும் வாசலில் நின்றது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்தால் டீச்சர் திரும்பிப் போய்விடுவாரோ என்ற பயம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்ராங்குக்கு முழங்கால் வீங்கிவிட்டது. கூண்டு அவர் வாசலிலேயே நின்றது. காலையில் டீச்சர் புடவையில் மடிப்புக் கலையாமல், கைத்தடியோடு, ஸ்டெல்லா பின்னால் வர, சந்தைக் கடந்து தானே அவர் வாசலுக்கு வந்து நின்றார்.

"ஏன் இன்று நகர்த்தவில்லை? மாதா கோவில் வரைக்கும் நடந்து பூசைக்குப் போகலாம் என்று கிளம்பியிருக்கிறேன்."

திண்ணையில் உட்கார்ந்திருந்த ஸ்ராங்கு வீங்கிய காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"உமக்கு மட்டும்தான் தந்திரம் தெரியும் என்று நினைப்போ? காலமெல்லாம் பிள்ளைகளை மேய்த்தவள் நான்."

"டீச்சர்... அன்னிக்கு என் கூண்டுனாலதான் நீங்க..."

"படியில் பாசி பிடித்திருந்தது. தேய்க்கச் சொல்ல நான் மறந்தேன். வாயில்லாத ஜீவன்மேல் பழி போடாதீர். எழுந்திரும்."

அன்று திருவொற்றியூர் பார்த்த ஊர்வலம் அது. முன்னால் நொண்டியபடி கூண்டை இழுக்கும் ஸ்ராங்கு, உள்ளே நடை போடும் கோழிகள், பின்னால் கைத்தடி தட்டிவரும் டீச்சர், பக்கத்தில் ஸ்டெல்லா. தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடிக்காமல் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. கோவிலுக்குள் கூண்டோடு போக முடியாது என்பதால், ஸ்ராங்கு வெளியே மரநிழலில் நின்றுவிட்டார். "நீங்க போய்ட்டு வாங்க டீச்சர். அவசரமே இல்ல. நான் கீறேன்" என்றார். டீச்சர் படியில் கால் வைத்தவர் திரும்பிப் பார்த்தார். திருத்தவில்லை.

இப்போது நான் மாதவரத்தில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பக்கம் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. இருந்தாலும் அவ்வப்போது பஸ் ஏறிப் போய், பூசை முடியும் வரைக்கும் அந்த மரத்தடியில் ஸ்ராங்குக்குத் துணையாக நின்றுவிட்டு வருகிறேன்.