மாமனார் பாட்டுக்கு ஒரு நகல்

கணினித் திரையில் மாமனார் வாயை அகலத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. வலது கை வானத்தைப் பார்த்து உயர்ந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

காவ் ஷிமிங் ஸ்பீக்கரின் திருகைக் கடைசிவரை திருப்பினார். அப்போதும் இல்லை. மாமனார் கண்ணை மூடிக்கொண்டு உருகினார், அசைந்தார், ஒருமுறை குனிந்து நிமிர்ந்தார். எல்லாம் மௌனமாக. சரியாக மூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடி கழித்து மைக்கை இறக்கினார். உடனே கைத்தட்டல் இடி மாதிரி இறங்கியது. மேஜைமேல் இருந்த தேநீர்க் கோப்பை நடுங்கியது. எதிர்வீட்டு நாய் குரைத்தது. சமையலறையிலிருந்து மனைவி யாசூ கத்தினாள்.

"என்ன வெடிச்சது?"

"ஒண்ணுமில்ல. உங்கப்பா பாடி முடிச்சாரு."

"பாட்டே கேக்கலியே?"

"அதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்."

இன்னும் பதினைந்து நாளில் மாமனாருக்கு எழுபது வயது. தைனானில் வீட்டெதிர்த் தெருவை மறித்துப் பந்தல் போட்டு இருபத்திரண்டு மேஜை விருந்து. மூத்த மாப்பிள்ளை சின்சூவில் பெரிய பொறியாளர். உடம்பு பிடித்துவிடும் நாற்காலி ஒன்றை ஏற்கெனவே அனுப்பிவிட்டார். அது வந்து இறங்கியதிலிருந்து மாமனார் அதைவிட்டு எழுந்திருப்பதில்லை. இளைய மாப்பிள்ளையான ஷிமிங்குக்குக் குடிநீர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. நாற்காலிக்கு எதிராக நாற்காலி வாங்கும் வசதி இல்லை. ஆனால் அவருக்குக் கணினி தெரியும் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு இருந்தது. முன்பொரு முறை அலுவலக அச்சு இயந்திரத்தில் சிக்கிய காகிதத்தை அவர் உருவி எடுத்ததிலிருந்து கிளம்பிய பேச்சு அது. ஷிமிங் அதை மறுத்ததில்லை.

அதனால்தான் மாமனார் நாற்காலியில் அதிர்ந்துகொண்டே கூப்பிட்டுச் சொன்னார்.

"மா-ஆ-ப்பிள்ளை, உங்க கல்யாணத்துல நான் பாடினேனே, அந்தத் துறைமுகப் பாட்டு, ஞாபகம் இருக்கா?"

"இருக்காதா மாமா?" என்றார் ஷிமிங். உண்மையில் இல்லை. கல்யாணத்தன்று அந்த நேரத்தில் அவருடைய நண்பர்கள் அவரைப் பந்தலுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சோளமது ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"சமையக்காரன் கரண்டியும் கையுமா வெளிய ஓடி வந்துட்டான். கண்ணுல தண்ணி. அந்தப் பாட்டை விருந்துல பெரிய திரையில போடணும். டிவிடி ரொம்ப நாள் தாங்காதாம். ஒரு நகல் எடு. ஆனா ஒண்ணு. நகல் எடுத்தா தரம் குறைஞ்சிடும்கறாங்க. என் குரல்ல ஒரு இழைகூடக் குறையக் கூடாது."

"ஒரு இழை என்ன, அரை இழைகூடக் குறையாது மாமா," என்று ஷிமிங் வாக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது சுகமாக இருந்தது.

இத்தனை வருஷமாகப் பீரோவில் பூட்டி வைத்திருந்த டிவிடியை எடுத்துக் கொடுத்த மாமியார் மட்டும் வாசல்வரை வந்து, "ஏம்ப்பா உனக்கு இந்தப் பாடு? நல்ல தேயிலை ரெண்டு டப்பா வாங்கிக் குடுத்துட்டுப் போயேன்," என்றார். தன் திறமையில் மாமியாருக்கு நம்பிக்கையில்லை என்று ஷிமிங்குக்குச் சுருக்கென்றது. செய்து காட்டுகிறேன் என்று கிளம்பி வந்துவிட்டார்.

முதலில் இலவச மென்பொருள் ஒன்றை இறக்கினார். அது நகல் எடுத்தது. மணமகள் முகத்தின் குறுக்கே 'சோதனைப் பதிப்பு' என்று முத்திரை குத்தியது. பாட்டு வரும் இடத்தில் மௌனம். காசு பறிக்கத்தான் பாட்டைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று ஷிமிங் புரிந்துகொண்டார். பணம் கட்டினார். முத்திரை போயிற்று. மௌனம் போகவில்லை.

இரண்டாவது மென்பொருள், 'தரம் கடுகளவும் குறையாது' என்று சத்தியம் செய்தது. அது பொய் சொல்லவில்லை. ஷிமிங் படத்தை எட்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தார். விருந்து மேஜையில் இருந்த இறாலின் மீசையை எண்ணிவிடலாம். சமையற்காரர் கரண்டியோடு ஓடி வருவதும், முகத்தைச் சுளித்துக் கண்ணைத் துடைப்பதும் தெளிவாகத் தெரிந்தது. மாமனார் சொன்னது அத்தனையும் நிஜம்தான். பாட்டு மட்டும் இல்லை.

மூன்றாவதில் 'ஒலியைச் சீர் செய்' என்று ஒரு பொத்தான் இருந்தது. ஷிமிங் அதை அழுத்தினார். பாட்டு திரும்பவில்லை. மற்றதெல்லாம் மாறிவிட்டது. மணமேடையில் யாசூ, "எல்லாருக்கும் நன்றி," என்று சொன்ன இடத்தைக் கேட்டுவிட்டு, கையில் முட்டைக்கோசோடு நின்ற யாசூ முறைத்தாள்.

"அது நானா பேசறேன், எருமையா?"

"தற்காலிகம்தான். சரி பண்ணிடறேன்."

"இருந்ததையும் கெடுக்கறியே. டிவிடியை நேரடியாப் போட்டுப் பார்த்தியா?"

"பார்த்தேனே. அதுலயும் வரல."

"அப்ப?"

"அப்ப நம்ம டிரைவ் சரியாப் படிக்கலைனு அர்த்தம்," என்றார் ஷிமிங், வைத்தியர் நாடி பிடித்துச் சொல்வதுபோல. "இங்க பாரு, தட்டுல முடி மாதிரி ஒரு கீறல் இருக்கு. அந்த இடத்துலதான் பாட்டு இருக்கு."

கீறல் ஒன்று பாட்டை மட்டும் பொறுக்கி எடுத்துத் தின்றுவிட்டு, கைத்தட்டலைப் பத்திரமாக விட்டுவைக்குமா என்று அவர் யோசித்திருக்கலாம். ஆனால் கணினி தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவர்கள் அப்படியெல்லாம் நின்று யோசிப்பதில்லை. அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

அடுத்த வேலை பற்பசை. டிவிடிக் கீறலுக்குப் பற்பசை தடவித் துடைத்தால் போதும் என்று இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தான். ஷிமிங் யாசூவின் புதினா பற்பசையைத் தாராளமாகப் பிதுக்கி, உள்ளிருந்து வெளிப்பக்கமாக மெல்லத் தேய்த்தார். முடி மாதிரி இருந்த கீறல் மறைந்தது. அதற்குப் பதிலாகத் தட்டு முழுக்க மூடுபனி மாதிரி ஒரு வெள்ளை படர்ந்தது. அரைகுறையாகத் துடைத்து டிரைவுக்குள் தள்ளினார். டிரைவ் ஒருமுறை உறுமி, இரண்டு முறை விக்கி, அதோடு நின்றுவிட்டது. தட்டும் வெளியே வரவில்லை.

"என் பேஸ்ட் எங்க?" என்று குளியலறையிலிருந்து குரல் வந்தது.

"கம்ப்யூட்டர்ல இருக்கு," என்றார் ஷிமிங் பரிதாபமாக.

குண்டூசி, காகிதக் கவ்வி, கடைசியில் திருப்புளி. தட்டு உயிரோடு வந்துவிட்டது. டிரைவ் போய்விட்டது. இந்தக் காலத்தில் டிவிடி டிரைவ் உள்ள கணினி எங்கே இருக்கிறது? அவருக்குத் தெரிந்து ஒன்றே ஒன்று. அலுவலகத்தில், பொதுமக்கள் கூடத்தில், மூன்றாம் எண் மேஜைக்கு அடியில்.

மறுநாள் மதிய உணவு இடைவேளையில் மற்றவர்கள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்த நேரமாகப் பார்த்து, ஷிமிங் மேஜைக்கடியில் தவழ்ந்துபோய்த் தட்டைச் செருகினார். இந்த முறை நான்காவது மென்பொருள். ஜெர்மன் மொழியில்தான் பேசியது. ஆனாலும் மிக நல்ல பெயர் எடுத்திருந்தது. அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். கூடத்தில் யாரோ சிரித்தார்கள். இன்னொன்றை அழுத்தினார். நிறையப் பேர் சிரித்தார்கள்.

தலையைத் தூக்கிப் பார்த்தார். 'குழாய்க் கசிவா? உடனே அழையுங்கள்' என்ற அறிவிப்பு ஓடும், அதே கணினியோடு இணைந்த பெரிய திரையில், வெள்ளைக் கோட்டு அணிந்த இருபத்தேழு வயது காவ் ஷிமிங், முதுகில் மணமகளை உட்காரவைத்துக்கொண்டு தண்டால் எடுத்துக்கொண்டிருந்தார். நண்பர்கள் எண்ணினார்கள். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் அவர் குப்புற விழுந்தார். மணமகள் உருண்டு மேஜைக்கடியில் போனாள்.

தண்ணீர் வரி கட்ட டோக்கனோடு காத்திருந்த நாற்பது பேரும் கைதட்டினார்கள். ஷிமிங் பதறி எதையெதையோ அழுத்தினார். படம் தாவியது. மாமனார் மைக்கோடு எழுந்து வாயைத் திறந்தார்.

"ஏய், சவுண்டு வைப்பா!" என்றார் தலைக்கவசத்தைக் கழற்றாத ஒரு பெரியவர்.

"பாட்டு எங்க?" என்றாள் கூடையில் மீனோடு வந்த ஒரு அம்மாள்.

பிரிவுத் தலைவி வெங் அம்மையார் உணவுக் குச்சிகளைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்தார்.

"ஷிமிங்! இது குடிநீர் ஆபீஸா, கல்யாண மண்டபமா?"

"தரத்தைச் சோதிக்கறேன் மேடம்."

"தண்ணித் தரமா?"

"இல்ல மேடம். மாமனார் தரம்."

மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதிக் கொடுத்தார். எழுதும்போதே, "தரம் சிறிதும் குறையாமல் நகலெடுக்கும் முயற்சியில்" என்ற வரி எவ்வளவு மடத்தனமாக இருக்கிறது என்று அவருக்கே தெரிந்தது. அடித்துவிட்டு வேறு காரணம் எழுத நினைத்தார். வேறு காரணம் இல்லை.

பிறகு வீட்டுக் கணினியில், முன்பே எடுத்திருந்த நகலை வைத்து இன்னும் மூன்று மென்பொருள்களை ஓட்டிப் பார்த்தார். அதில் ஒன்று, உதட்டசைவைப் பார்த்து இழந்த குரலை மீட்பதாகச் சொன்னது. மாமனாரின் உதட்டை அது உற்றுப் பார்த்து, வெகுநேரம் சிந்தித்து, 'இது கொட்டாவி' என்று முடிவு சொன்னது.

விருந்துக்கு முந்தின நாள் ஷிமிங் தளர்ந்துபோய் யாசூவிடம் வந்து உட்கார்ந்தார்.

"ஏழு சாஃப்ட்வேர். ஏழும் பாட்டைத் தின்னுடுச்சு. நான் எதுக்கும் லாயக்கில்ல யாசூ. ஒரு காகிதத்தை உருவினதை வெச்சுக்கிட்டு இத்தனை வருஷம் ஊரை ஏமாத்திட்டேன்."

"ஊர் ஏமாறல," என்றாள் யாசூ. "எனக்கு அப்பவே தெரியும். அந்தக் காகிதத்தைச் சிக்க வெச்சதே நீதானே? போ, அப்பாகிட்ட உள்ளதைச் சொல்லிடு."

போனார். மாமனார் நாற்காலியில் அதிர்ந்துகொண்டே, தலைமுடிக்குச் சாயம் பூசிக்கொண்டு, வரப்போகிற ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் பாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஷிமிங் தேயிலை டப்பா இரண்டையும் பாட்டில்லாத நகலையும் வைத்துவிட்டு, உள்ளதைச் சொல்லாமலே திரும்பி வந்தார்.

ஞாயிறு மதியம் தெரு முழுக்கச் சிவப்புப் பந்தல். நீராவியோடு நண்டுச் சோறு வந்தது. ஷிமிங் அதைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் அவர் கிண்ணத்தில் கறியும் மீனுமாக அடுக்கிக்கொண்டே இருந்தார். அன்று அந்தப் பந்தலிலேயே நிம்மதியாகச் சாப்பிட்டவர் மாமியார் ஒருவர்தான்.

"இப்போ," என்றார் மாமனார் மைக்கில், "என் சின்ன மாப்பிள்ளை எடுத்த நகல். ஒரு இழை குறையாதது!"

திரை ஒளிர்ந்தது. இருபத்திரண்டு மேஜையும் அமைதியானது. திரையில் இருந்த மாமனார் எழுந்து, கழுத்து புடைக்க, கை உயர, வாயைத் திறந்தார். மௌனம். அதே மூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடி. யாரோ சூப்பை உறிஞ்சிய சத்தம் தெருமுனைவரை கேட்டது. ஷிமிங் மேஜைக்கடியில் இடம் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு கைத்தட்டல் இடித்தது. எதற்கு என்று தெரியாமல் விருந்தாளிகளும் சேர்ந்து தட்டினார்கள்.

"மாப்பிள்ளை," என்றார் மாமனார். குரல் உடைந்திருந்தது. "என் பாட்டு எங்க?"

ஷிமிங் எழுந்து நின்றார். முதல்முறையாகப் பொய் எதுவும் கைவசம் இல்லை.

"மாமா, எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. உங்க பாட்டை நான் தொலைச்சிட்டேன். மன்னிச்சிடுங்க."

"எந்த சாஃப்ட்வேர் போட்டீங்க?" என்றார் மூத்த மாப்பிள்ளை, உதவி செய்கிற குரலில்.

"எல்லாமும்."

மாமனார் திரையைப் பார்த்தார். எழுபது வயது முகம் குழந்தை முகம் மாதிரி சுருங்கியது. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ஷிமிங்குக்கு. ஆனால் அடுத்த நொடி மனிதர் மார்பை நிமிர்த்தினார்.

"மெஷின் தின்னா தின்னுட்டுப் போகட்டும். தொண்டை இங்கதானே இருக்கு! மாப்பிள்ளை, நீ கவலைப்படாதே. உனக்காக இப்பவே பாடறேன். அன்னிக்கு ரெண்டு சரணம்தான் பாடினேன். இன்னிக்கு முழுப் பாட்டு!"

பாடினார்.

முதல் அடியிலேயே பந்தல் கம்பத்தில் உட்கார்ந்திருந்த புறாக்கள் கிளம்பிவிட்டன. இரண்டாவது அடியில் மைக் தானே ஊளையிட்டுப் பார்த்து, இவருக்கு ஈடுகொடுக்க முடியாமல் அடங்கிவிட்டது. ஏழாம் மேஜைக் குழந்தை வீரிட்டது. ஷிமிங் அழைத்து வந்திருந்த அலுவலகத் தலைவி வெங் அம்மையார் காதுக்கருகில் கையை வைத்து, தலைமுடியைச் சரிசெய்வதாகக் காட்டிக்கொண்டார். சமையல் கூடாரத்துக்குள்ளிருந்து இன்றைய சமையற்காரர், யாருக்கு என்ன ஆயிற்றோ என்று கரண்டியோடு ஓடி வந்தார். மாமனார் அவரைப் பார்த்துப் பூரித்துப்போய், இன்னும் ஒரு கட்டை மேலே ஏறினார்.

ஷிமிங் பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகைத்தார். எப்படியோ, கிழவர் முகம் மலர்ந்துவிட்டது. தான் செய்த பாவத்துக்கு இது பரிகாரம்.

பக்கத்தில் மாமியார் உணவுக் குச்சிகளை மெல்லக் கீழே வைத்தார். ஷிமிங்கின் காதருகில் சாய்ந்தார்.

"வீடியோக்காரன் கையில காசு வெச்ச சிவப்பு உறையைத் திணிச்சு, இந்தப் பாட்டை அன்னிக்கே நான் அழிக்கச் சொல்லி இருபத்திரண்டு வருஷமாச்சு. நீ அதைத் திரும்பக் கொண்டுவந்துட்டியேப்பா!"