ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல், ஒரு செட்டில்மெண்ட்

இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னன்னா, நான் மணிமுத்து, உரிமம் பெற்ற பத்திர எழுத்தர். சிவகாசிப் பக்கம் ஒரு சார்பதிவாளர் அலுவலக வாசல்ல, தகரக் கூரைக்குக் கீழ இருபத்திரண்டு வருஷமா எழுதுறேன். எந்த அலுவலகம்னு கேட்காதீக. நாளைக்கும் நான் அங்கனதான் உட்காரணும்.

போன வருஷம் ஜனவரியில அச்சகக்காரர் கனகசபாபதி அண்ணாச்சி நெஞ்சைத் தடவிக்கிட்டே வந்தாக.

"மணிமுத்து, புதன்கிழமை மதுரையில எனக்கு பைபாஸ். அதுக்குள்ள அச்சகத்தை ரோஷினி பேருக்கு எழுதிரணும். எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஹரிபிரசாத் பங்குக்கு வந்து நிப்பான். மிஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டுக் கல்யாண மண்டபம் கட்டிருவான்."

ரோஷினி அவுக மக. எட்டு வருஷமா அச்சகத்தை ஓட்டுறதே அவதான். ஹரிபிரசாத் மகன். சென்னையில இருந்துக்கிட்டு தீபாவளிக்கு வாட்ஸ்அப்ல வாழ்த்து அனுப்புறவன். நான் செட்டில்மெண்ட், அதான் சொத்தைச் சொந்தத்துக்குத் தானமா எழுதிக் குடுக்கிற பத்திரத்தை எழுதி, திங்கக்கிழமைக்கு டோக்கனும் போட்டுட்டேன்.

அண்ணாச்சி, ரோஷினி, நான் மூணு பேரும் போய் நின்னோம். சார்பதிவாளர் பத்திரத்தைப் பார்த்தார். மேஜையில கிடந்த டைரியைப் புரட்டுனார்.

"வாளி எங்க?"

"எந்த வாளிய்யா?"

"தண்ணி ஒண்ணு, மணல் ஒண்ணு. விதி எட்டு."

அந்த டைரியைப் பத்திச் சொல்லணும். 'வணிகர் சட்ட, வரித் தகவல் டைரி'. அண்ணாச்சி அச்சகத்துல அடிச்சது. ஆர்டரும் உள்ள இருக்கிற தகவலும் நவநீதகிருஷ்ணன் குடுத்தது. அவர் எஸ்டேட் பிளானர், சொத்தை யார் பேருக்கு எப்படி எழுதலாம்னு யோசனை சொல்றவர். சிவகாசி வெயில்ல கோட்டு போட்டுத் திரியிறவர். இப்ப எங்க ஊர்ல வீட்டுக்கு ஒரு பிளானர் இல்லன்னா கல்யாணப் பந்தியில பக்கத்துல உட்கார மாட்டேங்காக. அரசாணை கம்ப்யூட்டர்ல வரும். அதைத் திறந்து படிக்கணும். டைரி சும்மா வரும், அட்டையும் வழவழன்னு இருக்கும். அதனால ஆபீசுக்கு டைரிதான் சட்டம். புத்தாண்டன்னைக்கு எலுமிச்சம்பழத்தோட அதைச் சார்பதிவாளர் கையில குடுத்ததே நம்ம அண்ணாச்சிதான்.

நான் எட்டிப் பார்த்தேன். 'செட்டில்மெண்ட் செய்யும்போது கவனிக்க வேண்டியவை', ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் ஒழுங்கா இருக்கு. பக்கத்தைத் திருப்புனா ஏழுல இருந்து பன்னிரண்டு வரை பட்டாசு வெடிக்கும்போது கவனிக்க வேண்டியது! அச்சுல பக்கம் மாறிருச்சு.

"ஐயா, இது பட்டாசுக்கு உள்ளதுய்யா! அடிச்சதே நான்தான், சொல்லுதேன்ல!" அண்ணாச்சி பதறுனாக.

"அடிச்சா ஆச்சா? ரூபா நோட்டு அடிக்கிறவர் வந்து செல்லாதுன்னு சொன்னா கடைக்காரர் ஒத்துக்குவாரா?"

பிளானருக்குப் போன் போட்டோம். அவருக்குத் தெரியலன்னு சொல்ல வாய் வருமா? "அதுவா, அது இந்த வருஷத்து அப்டேட்" அப்படின்னுட்டார். பத்து நிமிஷத்துல முந்நூறு பேருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பியும் விட்டுட்டார்.

சரி, மாரடிச்சு என்ன செய்ய? டீக்கடையில ரெண்டு வாளி வாங்கினேன். விதி ஏழுக்காக அண்ணாச்சி பாலியஸ்டர் சட்டையைக் கழட்டிட்டுப் பருத்தித் துண்டைப் போர்த்திக்கிட்டாக.

"குழந்தைகூட பெரியவுக யாரு வந்திருக்கீக? விதி ஒன்பது," அப்படின்னார் சார்பதிவாளர்.

"எனக்கு முப்பத்தெட்டு வயசுங்க. ரெண்டு பிள்ளைக இருக்கு," அப்படின்னா ரோஷினி.

"அவருக்கு நீங்க குழந்தைதானம்மா?"

நான் பெரியவுகளா நின்னேன். அண்ணாச்சி கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கிட்டுக் கையெழுத்துப் போடப் போனாக. அது விதி பத்து. சார்பதிவாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி பதினொண்ணு இருபது. காலையில ஆறுல இருந்து ஏழு, ராத்திரி ஏழுல இருந்து எட்டு. வேற நேரத்துல கூடாது."

"ஆபீசே பத்து மணிக்குத்தானய்யா திறக்கீக!"

"ஆறு மணிக்குத் திறக்க அனுமதி கேட்டு எழுதுறேன். மூணு மாசத்துல பதில் வரும்."

"எனக்குப் புதன்கிழமை ஆபரேஷன்!"

"அதுக்குத்தான் விதி பன்னிரண்டு இருக்கு. முதல் தடவை பலிக்காததைத் திரும்பக் கையில எடுக்கக் கூடாது, தண்ணி ஊத்திரணும்." சொல்லிட்டு, வாளியைத் தூக்கிப் பத்திரத்து மேல ஊத்திட்டார்.

அண்ணாச்சி அப்படியே பெஞ்சுல உட்கார்ந்துட்டாக. ரோஷினி ஈரப் பத்திரத்தை மடிச்சு எடுத்துக்கிட்டு அப்பாவைக் கூட்டிட்டுப் போயிட்டா.

மறுநாள் அப்பாவையும் கூட்டிக்கிட்டுப் புதுப் பத்திரத்தோட வந்தா. சார்பதிவாளர்கிட்ட டைரியை வாங்கி, அவ கொண்டு வந்த சீட்டு ஒண்ணை அதுல ஒட்டினா. 'திருத்தம்: மேற்படி 7 முதல் 12 வரையிலான விதிகள் மூத்த குடிமக்களுக்குப் பொருந்தாது.' காலையில அடிச்சது, மை கூடக் காயல.

சார்பதிவாளர் விரலால தடவிப் பார்த்தார். "அச்சுல இருக்கே! இதை நேத்தே சொல்றதுக்கென்ன?"

அஞ்சு நிமிஷத்துல பதிவு முடிஞ்சுது. பைபாசும் நல்லபடியா முடிஞ்சு, அண்ணாச்சி இப்ப காலையில நடக்கப் போறாக.

ஆனா ஊர்ல எல்லாரும் மூத்த குடிமக்களா? மேலிடத்து அனுமதியும் வந்து தொலைச்சது. அரசாங்க ஆபீஸ் காலையில ஆறு மணிக்கே திறக்குதுன்னு ஊரே மெச்சுச்சு. நான் வாளி வாடகைக்கு விட்டேன். பக்கத்துல ஒருத்தர் பருத்தி வேட்டிக் கடை போட்டார். வசதியானவுக வெள்ளி வாளியில பேரு பொறிச்சுக் கொண்டு வந்தாக. "உங்க செட்டில்மெண்டுக்கு எந்த மணல்?" "வெம்பக்கோட்டை, வைப்பாத்து மணல்லா!" விசேஷ வீட்டுல இதுதான் பேச்சு.

அக்டோபர்ல ரோஷினி அடுத்த வருஷ டைரிக்கு புரூஃப் பார்த்தா. பக்கத்தைச் சரி பண்ணப் போறான்னு தெரிஞ்சதும் நாங்க ஒரு தூதுக்குழுவா போய் நின்னோம். தலைமை நான்தான்.

"அதுல மட்டும் கை வச்சிராதம்மா. எத்தனை குடும்பம் பிழைக்குது!"

கோட்டுக்காரப் பிளானர் குனிஞ்சு, "ஆர்டரை ரெட்டிப்பாக்கிருதேன்," அப்படின்னார்.

ரோஷினி யோசிச்சா. "சரி, இருந்துட்டுப் போகட்டும்."

"அந்தத் திருத்தச் சீட்டு?"

"அது எதுக்கு இனி? எங்க பத்திரம்தான் பதிஞ்சாச்சே."

இந்தப் பொங்கலுக்கு ஹரிபிரசாத் ஊருக்கு வந்தான், கையில புது டைரியோட. தங்கச்சி பத்திரம் பதிஞ்சது பகல் பதினொன்றரை மணிக்கு. வாளி இல்ல, பெரியவுக துணை இல்ல. சீட்டு ஒட்டின பழைய டைரி எடைக்குப் போயிருச்சு, விலக்குன்னு சொல்ற சீட்டு புது டைரி எதுலயும் இல்ல. ஆகவே மேற்படி பத்திரத்தை ரத்து செய்யணும்னு மேலதிகாரிக்கு மனு. ஆதாரம்: ரோஷினி அச்சகத்துல அடிச்ச டைரி.

மேலதிகாரி மேஜையிலயும் அதே டைரிதான் இருக்காம்.

மனுவை எழுதிக் குடுத்தது நான்தான். கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கிட்டு எழுதினேன்.