நான் கவென்ட்ரிக்குப் போகாத விவரம்

பெசன்ட் நகர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள புஷ்பம் அக்காவுக்கு, தம்பி பொன்ராஜ் வணங்கி எழுதுவது. இங்கு நான் சுகம். உன் முட்டிவலியும் கோவில்பட்டி வெயிலும் சற்றுத் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் ஒன்று: நான் இங்கிலாந்து போகவில்லை. போவதாகச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னது நான்தான். ஆனால் தப்பு என்மேல் இல்லை, இங்கிலீஷ்மேல். ஊரூர் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் மணிமொழி எங்கள் அடுக்குமாடிக்குள் நுழையக் கூடாது, நாறுகிறது என்று சங்கக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தார்கள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "அவ கூடை நாறுதுன்னா அதைத் திங்கிற நானும்தான் நாறுவேன், என்னையும் வெளிய நிப்பாட்டுங்க" என்றேன். மறுநாளிலிருந்து ஒருத்தரும் என்னோடு பேசவில்லை. லிஃப்டில் ஏறினால் எல்லோரும் செல்போனைப் பார்க்கிறார்கள், சிக்னலே கிடைக்காத லிஃப்டில்! தி.நகரில் பேசிப் பேசியே பட்டுப்புடவை விற்றவன் நான், அக்கா. இப்போ 'கதவு மூடுகிறது'ன்னு லிஃப்ட் சொன்னா, 'சரிம்மா'ங்கிறேன்.

அப்பத்தான் மூணாவது மாடி நீரஜா டீச்சர் அக்கம்பக்கம் பார்த்துட்டு, "சார், எல்லாருமாச் சேர்ந்து உங்களைக் கவென்ட்ரிக்கு அனுப்பிட்டா" என்று கிசுகிசுத்துட்டுப் போனாங்க. செல்போன்ல தட்டிப் பார்த்தா, இங்கிலாந்துல ஒரு ஊர்! மனசு வருத்தப்பட்டு ரகசியமா டூர் ஏற்பாடு பண்றாங்க, அதான் பேச்சுமூச்சு இல்லைன்னு நினைச்சு, ஸ்வெட்டர் வாங்கிக்கிட்டு அடையாறு டிராவல்ஸ்ல விசா விசாரிக்கப் போனேன். அங்க வேலை பார்க்கிற பூஜாங்கிற பொண்ணு முழுசும் கேட்டுட்டு, "அங்கிள், அது ஊருக்கு அனுப்புறது இல்ல. ஒருத்தரோட யாரும் பேசாம ஒதுக்கி வெச்சா இங்கிலீஷ்ல அப்படிச் சொல்வாங்க" என்று மெதுவாச் சொல்லித் தண்ணி குடுத்துச்சு. நம்மூர்ல தள்ளிவெச்சா பத்துப் பேர் கேட்கத் தமிழ்லயே சொல்லிருவான். உடனே எழுந்திருக்க மனசு வரல. பேச்சு முடிஞ்சிரக் கூடாதுன்னு ஊட்டி, மணாலி, காசி எல்லாத்துக்கும் விலை கேட்டுக்கிட்டே இருந்தேன்.

சாயங்காலம் சங்கச் செயலாளர் சுப்பராமன் வந்தார். "அந்த மீன்காரி தீர்மானத்துல நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டுட்டேள்னா பழையபடி ஆயிடும்" என்றார். மனுஷக் குரல் கேட்ட சந்தோஷத்துல பேனாவை வாங்கிட்டேன். காலையில போட்டுத் தர்றேன்னுட்டேன்.

காலையில் கேட்டுக்கு வெளியே மணிமொழி. "இன்னா நைனா, உன்னாண்ட யாருமே பேசறதில்லியாமே? என்னாலயா?"

"சேச்சே, யாரு சொன்னா? பேசித் தொல்லை பண்றாங்கம்மா."

"அப்ப சரி. சங்கரா கீது, அரிஞ்சு தர்ட்டா?"

மீனை வாங்கிக்கிட்டு, நேரே போய்ச் சுப்பராமனிடம் கையெழுத்துப் போடாமலே பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவரும் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பிச்சிட்டார்.

மாமாவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. இந்த அமைதி பழகிவிட்டது. நீ முட்டிவலியோடு ரயிலேறி வரவே வேண்டாம்.

உன் தம்பி,
பொன்ராஜ்

பி.கு.: வெள்ளிக்கிழமைக்கு உன் பேரில் டிக்கெட் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், கீழ்ப்படுக்கைதான். வந்து நாலு நாள் என்னைத் திட்டிக்கிட்டே இரு.